பாஷா பாயின் பன்னும் ஊரார் தலைமுடியும்

பாஷா பாய் பன்னைப் பாதி கடித்துவிட்டு, மீதியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கடித்த பாதி, மருதாணி பூசிய தாடிக்கு மேலே கன்னத்துக்குள் உப்பிக்கொண்டிருந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். எனக்கு அதில் ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

இடம், ராயபுரத்தில் லில்லி அக்காவின் டீக்கடை. பழைய வண்ணாரப்பேட்டையில் பேக்கரி வைத்திருந்த பாஷா பாய்தான் அந்தக் கடைக்குப் பன் போடுபவர். ஸ்கூட்டரின் பின்னால் தட்டுகளைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வருவார். இறக்கி வைத்துவிட்டு, தான் சுட்ட பன் ஒன்றை எடுத்து டீயில் தோய்த்துத் தின்றுவிட்டுப் போவார். தன் சரக்கைத் தானே தின்று காட்டுகிற வியாபாரிகள் நம் பக்கம் குறைவு.

அன்றைக்கு லில்லி அக்காதான் ஆரம்பித்தாள். "ஏன்டா சவுரி, வூடு வூடா போயி சிக்குமுடி வாங்கினு போறியே, அது எங்கதான்டா போவுது?"

நான் சொன்னேன்: நீளமான முடி சவுரிக்கும் விக்குக்கும் போகிறது. குட்டையானது, சலூன் தரையில் கூட்டியது, எதற்கும் ஆகாதது எல்லாம் அமிலத்தில் கொதித்து வெள்ளைத் தூளாகிறது. அந்தத் தூள் கொஞ்சம் மருந்துக்குப் போகும். கொஞ்சம் ரொட்டி மாவு சீக்கிரம் இளகுவதற்காகப் போகும்.

அப்போதுதான் பாய் நின்றார்.

"எனக்கும் ஒருத்தன் மாவு இளகறதுக்குத் தூள் குடுக்கறான்."

"வெள்ளையா இருக்குமா பாய்? மோந்து பார்த்தா அழுகின முட்டை வாசனை லேசா வருமா?"

"வரும்" என்றார் பாய்.

லில்லி அக்கா வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப என் முடி உன் பன்னுல கீதா பாய்? நேரா கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. எதுக்கு இவன்கிட்ட சுத்தி வாங்கினே?"

பாய் கடைக்குப் பின்னால் போனார். துப்புகிற சத்தமும் கொப்பளிக்கிற சத்தமும் வெகுநேரம் கேட்டன.

சிக்குமுடி

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய காட்டுப்பள்ளி கப்பல் பட்டறை வேலையை விட்டு ஓடிவந்த பிறகு, நான் செய்த ஏழெட்டுத் தொழில்களில் இதுவும் ஒன்று. என்னைச் சவுரி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். வீட்டில் வைத்த பெயரை ரேஷன் கடையில் மட்டும்தான் கேட்பேன்.

பெண்கள் தலை வாரும்போது சீப்பில் வரும் முடியைச் சுருட்டி, ஜன்னல் கம்பியிலோ கூரை இடுக்கிலோ செருகி வைப்பார்கள். பை நிறைந்ததும் நான் வருவேன். காசு வேண்டுமென்றால் காசு, இல்லையென்றால் எவர்சில்வர் கிண்ணம். திருவொற்றியூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரைக்கும் என் எல்லை.

வண்ணாரப்பேட்டையில் முஸ்லிம் வீடுகள் உள்ள தெருக்களில் மட்டும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. உதிர்ந்த முடியை அந்நியர் கண்ணில் படவிட மாட்டார்கள், மண்ணில் புதைத்துவிடுவார்கள். பாஷா பாயின் மனைவி ஜைத்தூன் பீ, செம்பருத்தித் தொட்டியில் புதைப்பார். அந்தச் செடி பூத்த மாதிரி நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கிடங்கில் மூட்டையைக் கொட்டினால் எல்லாத் தலையும் ஒரே குவியல்தான். மீன்காரி முடி, சர்ச்சில் பாடுகிறவள் முடி, ரயில்வே ஆபீசர் மனைவி முடி. வெளியே ஒரே தெருவில் உட்கார மாட்டோம் என்று சண்டை போடுகிற தலைகள், உள்ளே ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கும். பிரிக்க ஆளுக்கு ஓர் ஊசி கொடுத்து உட்கார்த்தி வைக்க வேண்டியிருக்கும்.

அமிலத் தொட்டி

எனக்கு இந்தத் தூளைப் பற்றி எப்படித் தெரியும் என்றால், அது காய்ச்சுகிற இடத்தில் சில மாதம் டிரம் கழுவியிருக்கிறேன். ஊர் எது என்று சொல்ல வேண்டாம். ஆந்திரா பக்கம்.

மூட்டை மூட்டையாக முடியை அமிலத்தில் போட்டுக் கொதிக்க விடுவார்கள். காலையில் முடி, மறுநாள் பார்த்தால் கறுப்புக் கஞ்சி. அதை வடிகட்டி, அமிலத்தை முறிக்கக் காரம் சேர்த்து, சுத்தம் செய்து, என்னென்னவோ பண்ணிக் கடைசியில் சர்க்கரை மாதிரி வெள்ளையாக எடுப்பார்கள். நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஸீட் கிடைத்தது.

அங்கே கெமிஸ்டாக இருந்த கடப்பாக்காரப் பெண்ணுக்குப் பேச்சுத் துணை இல்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவன் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் சாப்பாட்டு வேளையில் என்னிடம் பேசிக்கொண்டே இருப்பாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். எனக்கு ஏறியது இவ்வளவுதான்.

உடம்பில் பெரிய சரக்கெல்லாம் சின்னச் சின்ன மணிகளைக் கோத்த சங்கிலி. முடி, நகம், சதை, முட்டையின் வெள்ளை, எல்லாம் புரதம். இருபது வகை மணிதான். எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி என்பதில்தான் முடிக்கும் முட்டைக்கும் வித்தியாசம். சோறும் அப்படித்தான், சர்க்கரை மணி கோத்த சங்கிலி. அதனால்தான் வெறும் சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கிறது. எச்சில் சங்கிலியை அறுக்க ஆரம்பித்துவிடுகிறது. நான் பசியில் மென்று பார்த்திருக்கிறேன், உண்மை. கொழுப்பு மட்டும் இந்தக் கோவையில் சேராது, அது தனி ரகம்.

எந்த மணியை எங்கே கோக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற நூல்தான் டிஎன்ஏ. போலீஸ்காரர்கள் தேடுவது அதைத்தான். முடியின் வேரில் சுருண்டு கிடக்கும். "அமிலத்தில் போட்டுக் கொதித்த பிறகு?" என்று கேட்டேன். "அதுவும் பொடிப்பொடிதான். அப்புறம் எந்த ஸ்டேஷனிலும் உன்னைப் பிடிக்க முடியாது" என்றாள். ஆறுதலாக இருந்தது.

முடிச் சங்கிலிகளில் கந்தகம் உள்ள ஒரு மணி நிறைய உண்டு. இந்தச் சங்கிலியின் கந்தகம் அடுத்த சங்கிலியின் கந்தகத்தைக் கைகோத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முடிக்கு அந்த உறுதி, எரித்தால் அந்த நாற்றம். மைதாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது வருகிற இழுவையும் புரதம்தான், அதிலும் கந்தகக் கைகோப்பு உண்டு. முடியிலிருந்து பிரித்தெடுத்த அந்த மணியை ஒரு சிட்டிகை மைதாவில் போட்டால், அது நடுவில் புகுந்து கைகளை விலக்கிவிடும். மாவு இளகும். பிசைந்தவுடன் உருட்டலாம், உடனே அடுப்பில் வைக்கலாம்.

மூலக்கொத்தளத்தில் ஒரு மழை

முடியின் உறுதியை நான் அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். மூலக்கொத்தளம் சுடுகாட்டை ஒட்டி ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கினேன். வாடகை கேட்காத இடம். சாப்பாட்டுக்காக, குழி வெட்டுகிறவருக்குக் கூடமாட உதவுவேன். பழைய குழியில் புதுக் குழி விழும். ஒரு தடவை மண்வெட்டியில் ஒரு ஜடை வந்தது. எலும்பு கூட உதிர்ந்து போயிருந்தது, ஜடை அப்படியே இருந்தது, ரப்பர் பேண்டோடு.

"சதையெல்லாம் பூச்சி தின்னுடும் நைனா. இத்த மட்டும் எதுவும் சீண்டாது. சாப்பாட்டு விஷயத்துல பூச்சிங்க நம்மள விட உசாரு" என்றார் அவர். ஜடையைத் திரும்ப உள்ளேயே வைத்து மூடினோம்.

இப்போது பாஷா பாய்க்கு வருகிறேன்.

ஆடும் மீனும்

மறுநாள் நான் பேக்கரிக்குப் போனபோது, பாய் தூள் கொடுக்கிற ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவன் கம்பெனியைக் கேட்டு, "இயற்கையான பொருளிலிருந்து எடுத்தது" என்று சொல்லிவிட்டானாம்.

"முடியும் இயற்கைதான பாய்" என்றேன்.

"நீ சும்மா இரு."

உண்மையில் அந்தத் தூள் முடியிலிருந்து வந்ததா, கோழி இறகிலிருந்தா, நுண்ணுயிரை வளர்த்து எடுத்ததா என்று யாருக்கும் தெரியாது. எல்லா வழியிலும் எடுக்கிறார்கள். கடைசியில் மணி ஒன்றுதான். அதையும் பாயிடம் சொன்னேன். அவருக்குத் தூக்கம் போனது போனதுதான்.

நேற்றைய மாவில் சுட்ட பன் மூன்று தட்டு மிச்சம் கிடந்தது. விற்க மனசில்லை. உணவைக் குப்பையில் கொட்டவும் மனசில்லை. மூன்று தட்டையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நம்ம ஆட்டுக்குப் போட்டுடலாமா?"

உள்ளே இருந்து ஜைத்தூன் பீயின் குரல் வந்தது. "பெருநாளைக்கு அந்த ஆட்டை யாரு சாப்பிடப் போறாங்களாம்?"

"அப்ப கடல்ல போடறேன்."

"போடுங்க. மீனு தின்னும். வெள்ளிக்கிழமை காசிமேட்டுல அந்த மீனை வாங்கிகினு வாங்க. நான் கொழம்பு வைக்கிறேன்."

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். "நீ சொல்லு. முடி எப்ப முடியா இல்லாம போவுது?"

"அமிலத்துல உதிரும்போதே போயிடுச்சு பாய். ஆடு தின்னாலும் அப்டித்தான். வயித்துல எல்லாம் மணி மணியா அறுந்து, அப்புறம் ஆட்டுக்கு வேண்டிய மாதிரி கோத்துக்கும். நீங்க ஆட்டைத் தின்னா ஆடு பாயாயிடும். மணிக்கு எந்தத் தலைலேர்ந்து வந்தோம்னு தெரியாது."

"மணிக்குத் தெரியாது" என்றார் பாய். "எனக்குத் தெரியுமே."

கடப்பாக்காரப் பெண் இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை.

பாய் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். நானும் கூடப் போய் வெளியே செருப்புக்குக் காவல் இருந்தேன். திரும்பி வரும்போது சொன்னார்: "மனுசன் உடம்புலேர்ந்து வந்தது எதையும் திங்கக் கூடாதாம். முழுசா மாறிப்போனா பரவாயில்லன்னு சொல்றவங்களும் கீறாங்களாம், கூடாதுன்னு சொல்றவங்களும் கீறாங்களாம். 'உங்க தூள் எதுலேர்ந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மனசு அரிச்சுதுன்னா விட்டுடுங்க'ன்னாரு."

"அரிக்குதா?"

"நேத்துலேர்ந்து சொறிஞ்சிகினுதான கீறேன்."

பன்னைக் கடைசியில் நான் தின்றேன், தெரு நாய்கள் தின்றன. இரண்டு தரப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடப்பாக் கல்

தூளை நிறுத்தியதும் மாவு பழிவாங்கியது. உருட்டி வைத்தால் சுருங்கிக்கொண்டது. இழுத்தால் ரப்பர் மாதிரி திரும்பி வந்தது. சுட்டு எடுத்ததும் பன் பாதி அளவுதான்.

லில்லி அக்கா ஒன்றை எடுத்து டீக்கடைப் பலகையில் தட்டினாள். டொக்கென்று கேட்டது. "இன்னா பாய் இது, பன்னா கடப்பாக் கல்லா? ஹார்பர்ல வேலை செய்யறவனுக்கே பல்லு போயிடும்."

"கொஞ்சம் பொறுத்துக்கோ லில்லி."

"நான் பொறுப்பேன். எனக்குப் பல்லு கம்மி. வர்றவன் பொறுக்கணுமே."

பொறுத்திருந்தால் மாவு தானாக இளகும் என்பது பாய்க்குத் தெரியாததல்ல. ஐந்தாறு மணி நேரம் ஈரத்துணி போட்டு வைத்தால், தூள் செய்வதில் முக்கால்வாசியை நேரமே செய்துவிடும். அந்த நேரம்தான் அவரிடம் இல்லை. துறைமுகத்து வாசலுக்கு அருகே ஒரு பெரிய கேன்டீன் அவரிடம் காலைப் பன் வாங்கியது. அவர் சுடுவதில் பாதி அங்கேதான் போனது. விடிகாலையில் எழுந்து பிசைந்து ஏழு மணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அடுப்பு ஒன்று, ஆள் இரண்டு: பாய், ஜைத்தூன் பீ. இரவு வேலைக்கு டாக்டர் தடை. பாய்க்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது.

தூள் இருந்தால் கேன்டீன் இருக்கும். கேன்டீன் போனால் பேக்கரி நிற்குமா என்பது சந்தேகம். இதற்கு நடுவில் பாய் தன் பன்னைத் தின்பதை நிறுத்திவிட்டார். தூள் போடாத கல் பன்னைக் கூட. தட்டு இறக்குவார், வெறும் டீ குடிப்பார், போய்விடுவார். லில்லி அக்கா என்னிடம், "மன்சன் எளைச்சிகினே போறாரு. நீ வாய வச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள்.

"கேட்டது நீதானக்கா."

"கேட்டா பொய் சொல்லத் தெரியாதா உனக்கு? இத்தன தொழில் செஞ்சிகீறியே."

வெங்காய யோசனை

எனக்கு ஒரு யோசனை வந்தது. வெங்காயத்தின் காரத்திலும் கந்தகம்தான் என்று கடப்பாக்காரப் பெண் சொல்லியிருந்தாள். முடியிலிருக்கும் கந்தகம் கைகளை விலக்கும் என்றால், வெங்காயத்திலிருக்கும் கந்தகமும் விலக்க வேண்டும் அல்லவா? வெங்காயத்துக்கு எந்தப் பள்ளிவாசலும் ஆட்சேபம் சொல்லாது.

பாய் சந்தேகத்தோடுதான் சம்மதித்தார். பச்சை வெங்காயத்தை அரைத்து, சாறு பிழிந்து, கூடவே துணிந்து நாலு பல் பூண்டும் தட்டி மாவில் சேர்த்தோம்.

அரை மணி நேரம் கழித்து பாய் மாவை இழுத்தார். வந்தது. வேட்டியை விரித்த மாதிரி வந்தது. பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மாமு, நீ விஞ்ஞானி!" என்றார். இருவர் கண்ணிலும் நீர். வெங்காயம் அரைத்ததாலும் இருக்கலாம்.

சுட்டு எடுத்தோம். பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் தெரு முழுக்க வாசனை. பன்னுக்குள் சர்க்கரை இருந்தது, டூட்டி ஃப்ரூட்டி இருந்தது, அதற்கு நடுவில் பூண்டும் இருந்தது.

லில்லி அக்கா ஒரு விள்ளல் எடுத்து டீயில் தோய்த்து வாயில் வைத்தாள். கண்ணை மூடி மென்றாள். "பாய், இது டீயா ரசமா?"

கடையில் இருந்த கன்டெய்னர் டிரைவர் ஒருவர் முழுப் பன்னையும் தின்றுவிட்டு, தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் ஒருவர்தான். மற்ற தட்டெல்லாம் திரும்பி வந்தன. விஞ்ஞானம் ஜெயித்தது, மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜைத்தூன் பீ மட்டும் சிரிக்கவில்லை. தட்டுகளைக் கழுவியபடி பாயிடம் சொன்னார்: "வெங்காயம், பூண்டுன்னு ஏன் அலையறீங்க? மாவு கேக்கறது நேரம். அத்தக் குடுக்கறதா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். இவரு மேல பாரத்தப் போடாதீங்க, பாவம், இவரு ஆந்திராவுல டிரம்மு கழுவினவரு."

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வராது

இரண்டு நாள் கழித்து மதியம் கேன்டீன்காரர் பைக்கில் வந்தார். நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. பாக்கெட் பன் கம்பெனிக்காரன் அவரிடம் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தான்.

"பாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக் காலைலேர்ந்து பழைய பன்னு வருமா, வராதா? தூளோ கீளோ, அது உங்க சமாச்சாரம். எனக்கு மெத்துன்னு இருக்கணும், ஏழு மணிக்கு வரணும்."

தூள் டப்பா அலமாரியில்தான் இருந்தது. பாய் அதை இன்னும் வெளியே போடவில்லை. அதை ஒரு தடவை பார்த்தார். நானும் பார்த்தேன். கேன்டீன்காரர் கூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அன்று அதிகாலையிலேயே ஜைத்தூன் பீ பிசைந்து, ஈரத்துணி மூடி வைத்திருந்த மாவில் சுட்ட முதல் தட்டு அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தது. பழைய உயரம் இல்லை. ஆனால் கல்லும் இல்லை. பாய் ஒன்றை எடுத்தார். சூடு பொறுக்காமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிட்டார். உள்ளே நூல் நூலாகப் பிரிந்து ஆவி வந்தது.

வாயில் போட்டார். மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கினார்.

"வராது" என்றார். "சாயங்காலத்துக்கு வேணும்னா சொல்லுங்க, தரேன். காலைல வராது."

கேன்டீன்காரர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

"பாதி யாவாரம் போச்சு" என்றார் ஜைத்தூன் பீ.

"போவட்டும்."

"போவட்டும்தான். நான் வேணாம்னா சொன்னேன்? இனிமே தொழுதுட்டு வந்து நீங்களும் கூட நின்னு பிசையணும். சொல்லிட்டேன்."

பாய் இன்னொரு வாய் தின்றார். பத்து நாள் பசி அந்த வாயில் தெரிந்தது. தட்டிலிருந்து இன்னொரு பன்னை எடுத்து என் கையில் வைத்தார்.

"சாப்புடு தோஸ்து. இதுல எவன் தலையும் இல்ல."

கடித்தேன். பல்லில் என்னவோ நெருடியது. திரும்பி நின்று, வாயில் விரலை விட்டு எடுத்தேன். ஒரு முடி. தொழில் பழக்கத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். குட்டை, முரடு, லேசாகச் சுருண்டது. மருதாணிச் சிவப்பு. அந்த வீட்டில் அந்த நிறம் ஒரே ஒரு தாடியில்தான் இருந்தது.

"எப்டி கீது?" என்றார் பாய், பின்னாலிருந்து.

முடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சுத்தமா கீது பாய்" என்று சொல்லிவிட்டு மீதியையும் தின்றேன்.